ஜப்பானுக்குப் பந்து வீசப் போகும் ரிலீஃப் பிட்சர்கள் செய்யும் தவறுகள்

பேஸ்பாலில் ரிலீஃப் பிட்சரின் வேலை, கிரிக்கெட்டில் கடைசி ஓவர் போடுபவரின் வேலை மாதிரி. பாதி ஆட்டம் முடிந்தபின் வருவார், பெரும்பாலும் ஒரு இன்னிங்ஸ்தான் (ஆட்டத்தின் ஒன்பது சுற்றுகளில் ஒன்று) வீசுவார், ஜெயிப்பதும் தோற்பதும் அவர் கையில் இருக்கும். அமெரிக்காவின் உச்ச லீகான மேஜர் லீகில் நிரந்தர இடம் கிடைக்காத இப்படிப்பட்டவர்கள் பலர் ஜப்பானுக்குப் போகிறார்கள். சிலர் ஒரே சீசனில் பெட்டி கட்டிவிடுகிறார்கள். பெரும்பாலும் காரணம் திறமைக் குறைவு அல்ல.

வேகம் மட்டும் போதும் என்று நம்பிப் போவதுதான் பெரிய தவறு. மணிக்கு 155 கிலோமீட்டரில் வரும் பந்தையும் ஜப்பானிய பேட்டர்கள் சலிக்காமல் தட்டித் தட்டி எல்லைக்கோட்டுக்கு வெளியே அடித்து ஃபவுல் ஆக்குவார்கள். அவர்கள் ஏமாறுவதற்கு இரண்டாவதாக வேறு வகைப் பந்து ஒன்று வேண்டும். 2018-ல் அமெரிக்காவில் தடுமாறிய பியர்ஸ் ஜான்சன், 2019-ல் ஹான்ஷின் டைகர்ஸ் அணிக்குப் போய் 40 ஹோல்டுகள் (அணியின் நிலை கெடாமல் வீசி அடுத்த பிட்சரிடம் ஆட்டத்தை ஒப்படைப்பது) எடுத்தார். அவருக்குக் கைகொடுத்தது வளைந்து இறங்கும் கர்வ் பந்து.

முதல் பேஸில் (ஓடி அடைய வேண்டிய முதல் மூலையில்) எதிரணியின் ரன்னர் ஒருவர் நிற்கும்போது நிலைமை இன்னும் சிக்கல். பிட்சர் காலை உயரத் தூக்கி நிதானமாக வீசினால், பந்து விக்கெட் கீப்பர் மாதிரி பின்னால் இருக்கும் கேட்சரிடம் போவதற்குள் ரன்னர் இரண்டாவது பேஸை நோக்கிப் பாதி தூரம் ஓடியிருப்பார். வீசத் தொடங்கியதிலிருந்து கேட்சரின் கைக்குப் போக 1.3 வினாடிக்கு மேல் ஆனால், எவ்வளவு நல்ல கேட்சராலும் அவரைப் பிடிப்பது கஷ்டம். வேகமாக வீசி முடிக்கும் இந்த வேலையைப் பிப்ரவரி 1 அன்று பயிற்சி முகாம் தொடங்கிய பிறகு கற்கலாம் என்று விட்டுவிடக் கூடாது.

பந்தும் வேறு. ஜப்பானியப் பந்து கொஞ்சம் சிறியது, கையில் நன்றாகப் பிடிபடும். அமெரிக்கப் பந்து வழுக்கும் என்பதால் ஆட்டத்துக்கு முன் அதில் சேறு தேய்ப்பார்கள். குளிர்காலத்திலேயே ஜப்பானியப் பந்தை வரவழைத்துப் பழகுவது நல்லது.

அப்புறம், வெளிநாட்டவருக்கான இட வரம்பு. ஓர் ஆட்டத்துக்கு அணியில் சேர்க்கும் வெளிநாட்டு வீரர்களின் எண்ணிக்கைக்கு வரம்பு உண்டு. நீண்ட காலமாக அது 4 பேர்தான். ஒரு வெளிநாட்டு பேட்டர் தேவைப்பட்டால், நன்றாக வீசிய பிட்சரும் கிளப்பின் கீழ்நிலை அணியான இரண்டாம் அணிக்கு இறக்கப்படலாம். இறக்கினால் 10 நாட்களுக்குத் திரும்ப முடியாது. அதை அவமானமாக எடுத்துக்கொண்டு முகம் சுளிப்பவர்களை எந்த அணியும் அடுத்த ஆண்டு கூப்பிடாது.

உடம்பைப் பற்றிப் பேசாமல் இருப்பதை நான் எல்லாவற்றையும்விட ஆபத்தாக நினைக்கிறேன். டென்னிஸ் சார்ஃபேட்டைப் பாருங்கள். ஃபுகுவோகா சாஃப்ட்பேங்க் ஹாக்ஸின் குளோசராக (ஆட்டத்தை முடித்துவைக்கும் பிட்சர்) 2017-ல் 54 சேவ் (முன்னிலையைக் காத்து ஆட்டத்தை முடிப்பது) எடுத்தார், அது ஜப்பானில் ஒரு சீசனுக்கான சாதனை. அதே ஆண்டு சாம்பியனை முடிவு செய்யும் ஜப்பான் சீரிஸின் ஆறாவது ஆட்டத்தில், வழக்கமான ஒரு இன்னிங்ஸுக்குப் பதில் மூன்று இன்னிங்ஸ் வீசினார். அணி கோப்பையை வென்றது, தொடரின் சிறந்த வீரர் விருதும் அவருக்கே. ஆனால் அடுத்த ஆண்டு இடுப்புக் காயத்தோடு 6 ஆட்டங்களில்தான் ஆடினார். அதன்பின் முதல் அணிக்காகப் பந்து வீசவே இல்லை, 2021-ல் ஓய்வு பெற்றார். அந்த ஒரு இரவுதான் காரணம் என்று யாராலும் சொல்ல முடியாது. ஆனால் அதற்கு முந்தைய மூன்று ஆண்டுகளிலும் ஆண்டுக்கு 60 ஆட்டங்களுக்கு மேல் வீசியிருந்தார். களத்துக்கே வராத நாளிலும் பிட்சர்கள் கை சூடேற்றும் இடமான புல்பென்னில் எழுந்து எழுந்து வீசும் பந்துகள் எந்தக் கணக்கிலும் வருவதில்லை. வலித்தால் அன்றைக்கே மொழிபெயர்ப்பாளர் மூலம் கோச்சிடம் சொல்லிவிட வேண்டும்.

ஜப்பானோடு கதை முடிந்தது என்று நினைப்பதும் சரியில்லை. வெனிசுவேலாவின் ராபர்ட் சுவாரஸ் ஹான்ஷினுக்காக 2021-ல் 42 சேவ் எடுத்துவிட்டு, 31 வயதில் சான் டியேகோ பாட்ரேஸ் வழியாக முதன்முறை மேஜர் லீகுக்கு வந்தார். முதல் ஆட்டத்தில் மூன்று பேட்டர்களைச் சந்தித்தார், ஒருவரைக்கூட அவுட்டாக்க முடியவில்லை, அணியும் தோற்றது. அந்தச் சீசன் முடிந்ததும் அதே அணி அவரோடு 5 ஆண்டுகளுக்கு 4.6 கோடி டாலருக்கு ஒப்பந்தம் போட்டது.