ஆந்தூரியத்தைக் கருக்குவது வெயில் மட்டுமல்ல

கொடைக்கானல் போய் வருகிறவர்கள் சிவப்பு ஆந்தூரியப் பூச்செடித் தொட்டி ஒன்றை மடியில் வைத்துப் பத்திரமாக ராமநாதபுரம் கடலோரத்து உச்சிப்புளி வரை கொண்டுவந்து விடுகிறார்கள். இரண்டே மாதத்தில் இலை நுனி பழுப்பாகிக் கருகும். "நம்ம ஊர் வெயில் தாங்கல" என்று தூக்கிப் போட்டுவிடுவார்கள். எனக்கு மனசு கேட்காது. பெரும்பாலும் அதைக் கொன்றது நாம் ஊற்றிய தண்ணீர்.

தொட்டியின் விளிம்பை விரலால் சுரண்டிப் பாருங்கள். வெள்ளையாகப் பொருக்கு உதிர்ந்தால் அது போர் தண்ணீரின் உப்பு. கொலம்பியா, ஈக்வடார் மழைக்காட்டுச் செடி இது. மழைத் தண்ணீர் குடித்தே பழகியது. ஐப்பசி, கார்த்திகை மழையை மாடியிலிருந்து டிரம்மில் பிடித்து, கொசு புகாமல் மூடி வையுங்கள். இரண்டு மூன்று தொட்டிகளுக்கு அது வெகுநாள் வரும். தீர்ந்துபோனால் காவிரிக் குடிநீரைக் குடத்தில் ஒருநாள் வைத்திருந்து ஊற்றலாம்.

தண்ணீரை மாற்றியும் கருகுகிறதா? தேங்காய் மட்டையைப் பாருங்கள். மட்டைத் துண்டில்தான் ஆந்தூரியம் நன்றாக வரும், ஆனால் மட்டையிலேயே உப்பு உண்டு. உவர்நீரில் ஊறியதென்றால் கேட்கவே வேண்டாம். நல்ல தண்ணீரில் மூன்று நான்கு முறை ஊறவைத்துப் பிழிந்த பிறகே போடுங்கள். கூடவே அடுப்புக்கரி, உடைந்த செங்கல். கடற்கரை மணல் மட்டும் வேண்டாம். அதில் உப்போடு சிப்பிச் சுண்ணாம்பும் இருக்கும். இந்தச் செடிக்கோ லேசான புளிப்புத் தன்மைதான் பிடிக்கும். களிமண்ணில் புதைத்தாலும் ஆகாது, வேருக்குக் காற்று வேண்டும்.

சரி, வெயிலுக்கு வருவோம். நேர் வெயில் கூடாது, பச்சை வலைக்கு அடியில் வையுங்கள். கச்சான் காற்று, அதாவது தென்மேற்கிலிருந்து வரும் கடல் காற்று, வீசும் மாதங்களில் சுவர் மறைவுக்கு நகர்த்திவிட்டு, இலையில் படிந்த உப்பை மழைத் தண்ணீரால் கழுவுங்கள்.

சிவப்பு மடல் மங்கியதும் பூ போச்சு என்று அவசரமாகத் தண்டை இழுக்காதீர்கள். மடல் பூவே அல்ல. நடுவில் நிற்கும் குச்சியில் நெருக்கமாக இருக்கும் பொடிப் பொடிப் புள்ளிகள்தான் பூக்கள். மடல் பச்சையாகும் வரை விட்டு, பிறகு தண்டைக் கத்தியால் அறுங்கள்.

தொட்டியைத் தரையில் வைப்பதும் தப்பு. சேனை, சேம்பு எல்லாம் இதன் சொந்தம்; சேனை நறுக்கும்போது கையை அரிக்கும் அதே ஊசிப் படிகங்கள் இதன் இலையிலும் உண்டு. ஆட்டுக்குட்டி கடித்தாலோ தவழும் பிள்ளை வாயில் வைத்தாலோ வாய் எரிந்து வீங்கும். உயரத்தில் வையுங்கள்.