எண்ணூர் வரிசையும் என் கிளட்ச் பிளேட்டும்

துறைமுகத்துக்குக் கன்டெய்னர் ஏற்றிச் செல்லும் என் டிரெய்லர் லாரியில் 8 மாதத்துக்குள் எஞ்சின் விசையைக் கியர்பாக்ஸுக்குக் கடத்தும் கிளட்ச் பிளேட்டுகள் இரண்டு கருகின. எண்ணூர் விரைவுச் சாலை வரிசையில் அங்குலம் அங்குலமாக நகர்ந்தால் வேறென்ன ஆகும்? பழையது ஆர்கானிக் வகை, அதாவது நாரும் பிசினும் கலந்த உராய்வுப் பரப்பு. மெதுவாகப் பிடிக்கும், சூடேறினால் வழுக்கும். மாதவரத்து மெக்கானிக் அண்ணன் பீங்கான் கலந்த உராய்வு வில்லைகள் கொண்ட செராமிக் பட்டன் பிளேட் போடச் சொன்னார். வெப்பத்தைத் தாங்கும், ஆனால் வெடுக்கென்று பிடிக்கும். முதல் வாரம் லாரி குதித்த குதியில் கிளீனர் பையன் டீயைச் சட்டையில் கொட்டிக்கொண்டான்.

பிளேட்டை மட்டும் மாற்றவில்லை. பிளேட் அழுந்திப் பிடிக்கும் எஞ்சின் சக்கரமான ஃபிளைவீல் சூட்டில் நீலம் பாய்ந்திருந்தது; அதை லேத்தில் சீவினோம். பிளேட்டை அழுத்தும் பிரஷர் பிளேட், பெடலை மிதித்தால் அந்தப் பிடியை விடுவிக்கும் ரிலீஸ் பேரிங், கசிந்த ஆயில் சீல் எல்லாம் புதிது. பாதிப் பழி என் இடது காலுக்குத்தான்: கிளட்ச் பெடல் மேலேயே வைத்து ஓட்டும் பழக்கம்; பிளேட் முழுதாகப் பிடிக்காமல் உரசிச் சூடேறும். இப்போது வரிசையில் நியூட்ரலில் நிற்கிறேன். முன்வண்டி 10 அடி நகர்ந்த பிறகே கியர் போடுகிறேன்.