ஆய்வேட்டின் ஓர் இயலை ஆய்விதழ்க் கட்டுரையாக்குவது எப்படி?

ஆங்கில இலக்கியத்தில் முனைவர் பட்டம் முடித்துப் பேராசிரியர் பணிக்கு விண்ணப்பிப்பவரிடம் ஆய்விதழில் வந்த கட்டுரை ஒன்றாவது இருக்க வேண்டும். கையில்தான் ஆய்வேடு இருக்கிறதே, ஓர் இயலை அப்படியே அனுப்பலாம் என்று தோன்றும். அனுப்பினால், மதிப்பீட்டாளர் (கட்டுரையின் தரத்தைப் பார்த்துச் சொல்லும் துறை அறிஞர்) கைக்குப் போகாமலே திரும்பிவிட வாய்ப்பு அதிகம். தேவையானதையெல்லாம் படித்திருக்கிறோம் என்று ஆய்வேட்டை மதிப்பிடும் தேர்வாளருக்குக் காட்ட எழுதியது இயல். கட்டுரையைப் படிப்பவர் தேடுவது புதிதாக ஒரே ஒரு வாதம்.

கோட்பாட்டை விளக்கும் முதல் இயலை விட்டுவிடுங்கள். ஒரு நாவலையோ சில கவிதைகளையோ நுணுகிப் படிக்கும் இயலை எடுங்கள். அதன் வாதத்தை இரண்டு வாக்கியத்தில் எழுதிப் பாருங்கள். முடியவில்லையென்றால் அதற்குள் இரண்டு கட்டுரைகள் பின்னிக் கிடக்கின்றன, ஒன்றைப் பிரித்தெடுங்கள்.

வெட்டத் தொடங்கும் முன்பே இதழை முடிவு செய்யுங்கள். அதன் கடைசி இரண்டு மூன்று ஆண்டு இதழ்களைப் புரட்டினால் எந்த மாதிரி வாதங்களுக்கு இடம் தருகிறார்கள் என்று தெரியும். பல இதழ்களின் வரம்பு 6,000 முதல் 9,000 சொற்கள் வரை. அடிக்குறிப்பும் அதில் சேருமா என்று பாருங்கள். பணம் கட்டினால் சில நாளில் வெளியிடுகிறோம் என்று மின்னஞ்சல் அனுப்பும் இதழ்கள் பக்கமே போகாதீர்கள். அங்கே வந்த கட்டுரை பின்னால் உங்களுக்கே பாரமாகும்.

14,000 சொல் இயலை 8,000 ஆக்குவதுதான் உண்மையான வேலை. முந்தைய ஆய்வுகளைத் தொகுத்துச் சொல்லும் எட்டுப் பக்கப் பகுதி இரண்டு பத்திக்குள் அடங்கட்டும். நீங்கள் மறுக்கும் அல்லது சார்ந்து நிற்கும் விமர்சகர்கள் மட்டும் போதும். கதைச்சுருக்கத்துக்கு நான்கு வாக்கியம். பிறகு மேற்கோள்களுக்கு வாருங்கள். மேற்கோளை அடுத்து வரும் உங்கள் வரிகள் அதிலுள்ள ஒரு சொல்லையோ தொடரமைப்பையோ ஓசையையோ தொட்டுப் பேசுகின்றனவா? அதன் பொருளையே வேறு சொற்களில் திருப்பிச் சொன்னால் மேற்கோளையும் விளக்கத்தையும் சேர்த்தே நீக்குங்கள். சொற்கள் பெருமளவு குறைவது இங்கேதான், கட்டுரை கூர்மை பெறுவதும் இங்கேதான். வாதம் முதல் இரண்டு பக்கத்துக்குள் வந்துவிட வேண்டும். ‘முந்தைய இயலில் கண்டபடி’ போன்ற தொடர்களைத் தேடி எடுத்துவிடுங்கள்.

இலக்கிய ஆய்வில் பரவலாகப் பயன்படும் எம்எல்ஏ (Modern Language Association) மேற்கோள் முறையில் நான்கு வரியைத் தாண்டும் உரைநடை மேற்கோளையும் மூன்று அடியைத் தாண்டும் கவிதை மேற்கோளையும் தனிப் பத்தியாக, அரை அங்குலம் உள்தள்ளி, மேற்கோள் குறி இல்லாமல் தர வேண்டும்.

கட்டுரையை எழுதியவர் யாரென்று மதிப்பீட்டாளருக்குத் தெரியக் கூடாது. முதல் பக்கத்திலிருந்து பெயரை எடுத்தவர்கள்கூட, கணினிக் கோப்பின் பண்புகளில் (properties) அது ஒளிந்திருப்பதை மறந்துவிடுகிறார்கள். நன்றியுரையையும் ‘எனது முந்தைய கட்டுரையில்’ என்பதையும் நீக்குங்கள்.

ஒரு நேரத்தில் ஓர் இதழுக்கே அனுப்பலாம். ஆறு மாதமாகியும் பதில் இல்லையென்றால் பதிப்பாசிரியருக்குப் பணிவாக இரண்டு வரி எழுதலாம். ‘திருத்தி மீண்டும் அனுப்புக’ என்று வருவதை நிராகரிப்பாக நினைத்து ஒதுங்கிவிடுகிறார்கள் பலர். அது நல்ல செய்தி! மதிப்பீட்டாளர்களின் அறிக்கையைப் படித்து மூன்று நாள் ஆறப்போடுங்கள். பின்பு ஒவ்வொரு கருத்தையும் எண்ணிட்டு, எந்தப் பக்கத்தில் என்ன மாற்றினீர்கள் என்று பதில் கடிதம் எழுதுங்கள். உடன்படாத இடத்தில் காரணம் சொன்னால் போதும். இரு மதிப்பீட்டாளரும் முரண்பட்டால் யாரைப் பின்பற்றுவது என்று பதிப்பாசிரியரையே கேட்கலாம்.

ஏற்றுக்கொண்டபின் வரும் ஒப்பந்தத்தில், இதே பகுதியைப் பிற்பாடு உங்கள் சொந்த நூலில் சேர்க்க உரிமை இருக்கிறதா என்று பார்த்துவிட்டுக் கையெழுத்திடுங்கள். ஆய்வேட்டை நூலாக்கும் எண்ணம் இருந்தால் ஓரிரு இயல்களுக்கு மேல் இப்படி வெளியிட வேண்டாம். பெரும்பகுதி ஏற்கெனவே அச்சில் வந்துவிட்ட நூலை ஏற்கப் பதிப்பகங்கள் தயங்கும்.