ஊமைக்குசும்பு செய்யும் ஜாவா: ஃபைலிலும் திரையிலும் தவிர்க்க வேண்டிய தவறுகள்

கேரள எல்லையில் மலைமேல் இருக்கும் குமுளியில் ஏலக்காய் வாங்கி விற்கும் ஒரு கடைக்கு, சில வருடங்களுக்கு முன் ஜாவாவில், திரைகளை வரைய உதவும் அதன் ஸ்விங் தொகுப்பைக் கொண்டு, ஒரு கணக்கு மென்பொருள் எழுதிக் கொடுத்தேன். பெரிய வேலை ஒன்றும் இல்லை. வண்டன்மேடு, நெடுங்கண்டம் பக்கத்திலிருந்து காய் கொண்டுவரும் தோட்டக்காரர் பெயர், எடை, விலை, வாங்கிய முன்பணம், மீதி. இவ்வளவுதான். கம்பத்தில் என் லேப்டாப்பில் ஓட்டிப் பார்த்தபோது ஒரு குறையும் தெரியவில்லை. மலை ஏறியதும் ஒவ்வொன்றாகக் கழன்றது.

சிவப்பு எழுத்தில் பத்து வரி கத்திக்கொண்டு நிற்கிற பிழையைக் கண்டு நான் பயப்படுவதில்லை. அது எந்த வரியில் விழுந்தது என்பதை அதுவே சொல்லிவிடும். பயமெல்லாம் ஒன்றும் நடக்காத மாதிரி இருந்துகொண்டு கணக்கைக் கெடுக்கிற ஊமைக்குசும்புகளிடம்தான். ஜாவா டெஸ்க்டாப் மென்பொருளில் அந்த வகை நிறைய உண்டு. நான் மாட்டிக்கொண்டவற்றை மட்டும் சொல்கிறேன்.

பெயர்கள் கேள்விக்குறியான கதை

கடையில் கணக்கு எழுதும் சேச்சி முதல் வாரமே போன் செய்தார். "தம்பி, ஆளு பேரு முழுக்கக் கேள்விக்குறியாக் கிடக்கு. யாரு எவருன்னே தெரியல." பாதிப் பேர் பெயர் தமிழிலும் பாதிப் பேர் பெயர் மலையாளத்திலும் இருந்தன. இரண்டுமே போயிருந்தன.

காரணம் ஒரே ஒரு வரி. கோப்பில் எழுத ஃபைல்ரைட்டரைப் பயன்படுத்தியிருந்தேன், எந்தக் குறியாக்கத்தில், அதாவது எழுத்துகளை எண்களாக மாற்றும் எந்த அட்டவணைப்படி, எழுத வேண்டும் என்று சொல்லவில்லை. சொல்லாவிட்டால் பழைய ஜாவா அந்தக் கணினியின் வழக்கமான குறியாக்கத்தை எடுத்துக்கொள்ளும். என் லேப்டாப்பில் லினக்ஸ், அங்கே அது எல்லா மொழி எழுத்தையும் எழுதக்கூடிய யுடிஎஃப்-8. கடையில் ஆங்கில அமைப்பில் இருந்த விண்டோஸ், ஜாவா 8. அங்கே அது விண்டோஸ்-1252. அந்த அட்டவணையில் தமிழுக்கும் மலையாளத்துக்கும் இடமே கிடையாது. இடமில்லாத எழுத்துக்கெல்லாம் ஜாவா ஒரு கேள்விக்குறியைப் போட்டுவிட்டு, எச்சரிக்கை எதுவும் தராமல் அடுத்த எழுத்துக்குப் போய்விடும்.

இந்த இடத்தில் அவசரப்படாமல் திரையைப் பார்க்கப் பழகுங்கள். வெறும் கேள்விக்குறி வரிசை தெரிந்தால் பெரும்பாலும் எழுதும்போதே தரவு அழிந்துவிட்டது, இனி மீட்க வழியில்லை. தலையில் கொம்பும் புள்ளியும் வைத்த ஐரோப்பிய எழுத்துகள் கலந்து வந்தால் கோப்பு நன்றாகத்தான் இருக்கிறது, படிக்கும் விதம்தான் தப்பு. அப்படித் தெரியும்போது கைபழக்கத்தில் சேமி பொத்தானை அமுக்கினால் உள்ளதும் போச்சு. கட்டம் கட்டமாகத் தெரிந்தால் கோப்பிலும் குறையில்லை, படித்ததிலும் குறையில்லை, எழுத்துருவில் அந்த எழுத்து இல்லை, அவ்வளவுதான். விண்டோஸ் 8 முதல் வரும் நிர்மலா யுஐ எழுத்துருவில் தமிழ், மலையாளம், தெலுங்கு மூன்றும் இருக்கின்றன. நகரி, சத்தியவேடு பக்கம் கடைக்கு எழுதிக் கொடுப்பவர்களுக்கும் இது ஒன்றே போதும். ஜாவாவின் ஃபாண்ட் வகுப்பில் (கிளாஸில்) இருக்கும் கேன்டிஸ்ப்ளேஅப்டு என்ற செயலிடம் பெயரைக் கொடுத்துப் பார்க்கலாம். −1 என்று பதில் வந்தால் எல்லா எழுத்தையும் காட்ட முடியும் என்று பொருள்.

2022 மார்ச்சில் வந்த ஜாவா 18 முதல் எல்லாக் கணினியிலும் யுடிஎஃப்-8தான் இயல்பு. அதனால் புது ஜாவாவுக்கு மாறினால் தீர்ந்தது என்று நினைக்க வேண்டாம். கடைக்காரர் கணினியில் எந்த ஜாவா இருக்கிறது என்பது நம் கையில் இல்லை. படிக்கும் இடத்திலும் எழுதும் இடத்திலும் குறியாக்கத்தை நாமே எழுதிவிடுவதுதான் நல்லது. ஃபைல்ரைட்டருக்கும் ஃபைல்ரீடருக்கும் ஜாவா 11 முதல் அதைக் கொடுக்க முடியும். ஃபைல்ஸ் வகுப்பில் உள்ள நியூபஃபர்டுரீடரும் நியூபஃபர்டுரைட்டரும் ஜாவா 8 காலத்திலிருந்தே, ஒன்றும் சொல்லாவிட்டால் யுடிஎஃப்-8 என்றே எடுத்துக்கொள்ளும். அதோடு பொருந்தாத பைட்டைப் பார்த்தால் நியூபஃபர்டுரீடர் எக்செப்ஷன் வீசி, அதாவது பிழை என்று கத்தி, நின்றுவிடும். ஃபைல்ரீடர் நிற்காது, ஏதோ ஒரு மாற்றுக்குறியைப் போட்டுக்கொண்டு போகும். கத்துகிற ஆளைத்தான் நான் வேலைக்கு வைப்பேன்.

இன்னொரு விஷயம், ஆடிட்டருக்கு அனுப்பும் சிஎஸ்வி, அதாவது காற்புள்ளியால் பிரித்த அட்டவணைக் கோப்பு. யுடிஎஃப்-8இல் சுத்தமாக எழுதி அனுப்பினாலும் எக்செலில் இரட்டைச் சொடுக்கில் திறந்தால் தமிழ் குப்பையாக வரலாம். கோப்பின் தொடக்கத்தில் பைட் வரிசைக் குறி என்ற கண்ணுக்குத் தெரியாத எழுத்தை வைத்தால் எக்செல் புரிந்துகொள்ளும். சரி, வைத்தேன். அப்புறம் அதே கோப்பை என் மென்பொருளே திரும்பப் படித்தபோது, முதல் தலைப்பான "பெயர்" கிடைக்கவில்லை என்றது. திரையில் பார்த்தால் "பெயர்" என்றுதான் இருக்கிறது. அரை நாள் முடியைப் பிய்த்துக்கொண்ட பிறகு தெரிந்தது, ஜாவா அந்தக் குறியைத் தானாக நீக்காது, அது முதல் சொல்லோடு ஒட்டிக்கொண்டே வரும். முதல் எழுத்து அதுவாக இருந்தால் வெட்டிவிட வேண்டியது நம் வேலை.

மழையும் பூஜ்யம் பைட்டும்

ஜூன், ஜூலை மழையில் மலையில் கரண்ட் எப்போது போகும் என்று சொல்ல முடியாது. கடையின் யுபிஎஸ் பேட்டரி செத்து வெகுநாள் ஆகியிருந்தது. ஒரு மாலை சேச்சி சேமி என்று அமுக்கினார், கரண்ட் போனது, மறுநாள் காலை கோப்பின் அளவு பூஜ்யம் பைட்.

கோப்பில் எழுதுவதென்றால் பழைய பக்கத்தை வைத்துக்கொண்டு புதிதாக எழுதுவது என்று நாம் நினைத்துக்கொள்கிறோம். அப்படி இல்லை. ஃபைல்ரைட்டரை உருவாக்கிய நொடியிலேயே பழைய உள்ளடக்கம் காலி. அதற்கும் கடைசி வரி வட்டில் போய்ச் சேர்வதற்கும் நடுவில் எது நடந்தாலும் பழையதும் இல்லை, புதியதும் இல்லை.

இப்போது நான் செய்வது: அதே ஃபோல்டரில் வேறு பெயரில் ஒரு தற்காலிகக் கோப்பைத் திறந்து முழுவதையும் அதில் எழுதுகிறேன். ஃபைல்சேனலின் ஃபோர்ஸ் மூலம் வட்டில் எழுதவைத்து மூடுகிறேன். அதன் பிறகே ஃபைல்ஸ்.மூவ் கொண்டு, இருப்பதை மாற்று, ஒரே அடியாக மாற்று என்ற விருப்பங்களுடன், அசல் பெயருக்கு மாற்றுகிறேன். நடுவில் கரண்ட் போனால் நேற்றைய கோப்பாவது மிஞ்சும். தற்காலிகக் கோப்பு அதே ஃபோல்டரில் இருப்பது முக்கியம். வேறு டிரைவில் வைத்தால் அது பெயர் மாற்றமாக இருக்காது, நகலெடுப்பாகிவிடும். ஒரே அடியாக மாற்றச் சொன்னால் ஜாவா முடியாது என்று எக்செப்ஷன் வீசும்.

உண்மையைச் சொன்னால், கணக்கு வழக்கை சிஎஸ்வியில் வைத்ததே என் முதல் தப்பு. எஸ்க்யூலைட் மாதிரி ஒரு சின்ன தரவுத்தளம் இந்தத் தலைவலியை எனக்காகச் சுமந்திருக்கும். "சின்னக் கடைதானே" என்று நினைத்தேன். சின்னக் கடையிலும் ஒரு சீசனுக்குள் ஆயிரக்கணக்கில் வரிகள் சேர்ந்துவிடும்.

மூடாமல் விடுவதும் இதே குடும்பம்தான். பஃபர்டுரைட்டர் எழுத்துகளைச் சேர்த்து வைத்து மொத்தமாக எழுதும், மூடவில்லை என்றால் கடைசிப் பகுதி நினைவகத்தோடு போய்விடும். "கடைசி பத்து இருபது பேரை மட்டும் காணோம்" என்று யாராவது சொன்னால் முதலில் அங்கே தேடுங்கள். ஜாவா 7 முதல், அடைப்புக்குறிக்குள் திறந்தால் தானே மூடிக்கொள்ளும் ட்ரை வடிவம் இருக்கிறது, வேறு எதையும் யோசிக்க வேண்டாம். மூடாத கோப்பை லினக்ஸ் நீக்கவும் பெயர் மாற்றவும் விட்டுவிடும், விண்டோஸ் பெரும்பாலும் விடாது. அதனால்தான் கம்பத்தில் ஓடியது குமுளியில் நின்றது. அதிலும் பழைய ஃபைல் வகுப்பின் டிலீட் தோற்றால் ஃபால்ஸ் என்று முணுமுணுத்துவிட்டுப் போகும், நாம் அந்தப் பதிலைப் பார்க்கவே மாட்டோம். ஃபைல்ஸ்.டிலீட் ஏன் முடியவில்லை என்பதைச் சொல்லி எக்செப்ஷன் வீசும். பிரின்ட்ரைட்டரும் பிழையை விழுங்குகிற ஆள்தான், செக்எரரைக் கேட்டால்தான் வாயைத் திறக்கும்.

கோப்பு எங்கே போனது?

வெறும் "சரக்கு.சிஎஸ்வி" என்று பெயர் மட்டும் கொடுத்தால் ஜாவா அதை எங்கே தேடும்? மென்பொருளைக் கட்டி வைத்திருக்கும் ஜார் கோப்பு இருக்கும் இடத்தில் அல்ல, மென்பொருள் எந்த ஃபோல்டரிலிருந்து தொடங்கப்பட்டதோ அங்கே. நிரல் எழுதும் கருவியான எக்லிப்ஸில் ஓட்டும்போது அது புராஜெக்ட் ஃபோல்டர். கடையில் ஒருநாள் ஷார்ட்கட் வழியாகவும் இன்னொரு நாள் வேறு வழியாகவும் திறந்ததில் இரண்டு இடத்தில் இரண்டு கோப்பு வளர்ந்துகொண்டிருந்தது. சேச்சி பார்வையில் நேற்றைய கணக்கு காணாமல் போய்ப் போய்த் திரும்பி வந்தது. பயனரின் ஹோம் ஃபோல்டருக்குள் நமக்கென்று ஒரு ஃபோல்டர் வைத்து முழுப் பாதையைக் கொடுத்துவிட்டால் பிரச்சினை இல்லை. புரோகிராம் ஃபைல்ஸுக்குள் எழுதப் பார்க்காதீர்கள், சாதாரணப் பயனருக்கு அங்கே அனுமதி கிடையாது.

ஜாருக்குள் இருக்கும் லோகோ படம் தனிக் கோப்பே அல்ல, அதை ஃபைல் என்று திறக்க முடியாது. கெட்ரிசோர்ஸ்ஆஸ்ஸ்ட்ரீம் மூலம் படிக்க வேண்டும். ஜாருக்குள் சின்ன எழுத்து, பெரிய எழுத்து வேறுபாடும் உண்டு. விண்டோஸ் ஃபோல்டரில் இருந்தவரை தெரிந்த படம் ஜார் ஆக்கியதும் மறைந்தால் பெயரை எழுத்தெழுத்தாகப் பாருங்கள்.

திரை செய்யும் சில்மிஷம்

ஸ்விங்கில் பொத்தானை அமுக்குவது, திரையை வரைவது எல்லாம் ஒரே ஓர் இழையில், அதாவது ஒரு நேரத்தில் ஒரு வேலை மட்டும் செய்யும் வரிசையில்தான் நடக்கும். அதிலேயே ஒரு சீசன் கணக்கைப் படிக்க வைத்தால் திரை உறைந்துவிடும். உறைவது கூடப் பரவாயில்லை. அந்த நேரத்தில் பொறுமையிழந்து ஆறு முறை அமுக்கினால் அந்த ஆறும் வரிசையில் காத்திருந்து, திரை விழித்ததும் ஒன்றன்பின் ஒன்றாக நடக்கும். ஒரே மூட்டை ஆறு முறை பதிவானது இப்படித்தான். அமுக்கியதும் பொத்தானை முடக்கி, வேலையைப் பின்னணியில் ஓட்டும் ஸ்விங்வொர்க்கரிடம் கொடுங்கள். பின்னணியில் ஓடும் பகுதியிலிருந்து திரைப் பொருள்களைத் தொடாதீர்கள். முடிந்ததும் ஓடும் டன் என்ற பகுதியில் கெட் என்ற செயலை அழைக்க மறக்காதீர்கள். அழைக்காவிட்டால் பின்னணியில் விழுந்த எக்செப்ஷன் நம் காதுக்கே வராது. வேலை முடிந்தது போலவே இருக்கும்.

என்னை அதிகம் அலைக்கழித்தது ஸ்விங்கின் அட்டவணையான ஜேடேபிள். "கடைசியாப் போட்ட எடை மட்டும் சேர மாட்டேங்குது தம்பி" என்றார் சேச்சி. என் கையில் எப்போதும் சேர்ந்தது. கடைக்கே போய்ப் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தபோதுதான் புரிந்தது. நான் எண்ணைத் தட்டியதும் என்டர் அடிப்பேன். அவர் என்டர் அடிக்காமல் நேராக மவுஸை எடுத்துச் சேமியை அமுக்குவார். கட்டம் இன்னும் திருத்தும் நிலையில் இருக்கிறது, எண் கண்ணுக்குத் தெரிகிறது, ஆனால் அட்டவணைக்குப் பின்னால் தரவை வைத்திருக்கும் மாடலுக்குள் போகவில்லை. சேமிக்கும் முன் செல்எடிட்டரின் ஸ்டாப்செல்எடிட்டிங்கை அழைக்க வேண்டும். அல்லது கவனம் விலகினால் திருத்தத்தை முடித்துவிடு என்ற பண்பை அட்டவணைக்குக் கொடுக்க வேண்டும். ஒரே வரிதான். அந்த வரிக்காக லோயர்கேம்ப் கொண்டை ஊசி வளைவுகளில் இரண்டு முறை ஏறி இறங்கினேன்.

இதைவிட ஆபத்தானது வரிசைப்படுத்தல். ஜாவா 6 முதல் தலைப்பைச் சொடுக்கினால் பெயர்வாரியாக அடுக்கிக்கொள்ளும் வசதி உண்டு. அடுக்கிய பிறகு திரையில் மூன்றாவது வரி, மாடலில் நாற்பதாவது வரியாக இருக்கலாம். கன்வர்ட்ரோஇன்டெக்ஸ்டுமாடல் வழியாக மாற்றாமல் "தேர்ந்தெடுத்த வரியை நீக்கு" என்று எழுதினால் வேறொருவர் கணக்கு போய்விடும். பணம் புழங்கும் மென்பொருளில் இது சண்டையில்தான் முடியும்.

ஸ்விங்கின் ஜன்னலான ஜேஃபிரேமின் மூடு குறியை அமுக்கினால் அது வெறுமனே மறையும், மென்பொருள் பின்னால் ஓடிக்கொண்டே இருக்கும், திறந்த கோப்பையும் பிடித்துக்கொண்டிருக்கும். அதுதான் அதன் இயல்பு. ஒன்றும் செய்யாதே என்று அமைத்துவிட்டு, சேமிக்கலாமா என்று நாமே கேட்டு மூடுவது நல்லது. கோப்பைத் தேர்ந்தெடுக்கும் ஜேஃபைல்சூசர், ஏற்கெனவே இருக்கும் பெயரைக் கொடுத்தால் மேலே எழுதலாமா என்று கேட்காது, அதையும் நாம்தான் கேட்க வேண்டும். பொத்தான்களையும் பெட்டிகளையும் திரையில் இத்தனையாவது புள்ளி என்று எண் கொடுத்து நிறுத்தாதீர்கள், தமிழில் பெயர் வைத்ததும் பாதி எழுத்து வெட்டுப்படும். இடம் ஒதுக்குவதை லேஅவுட்டிடம் விட்டுவிட்டு, ஜன்னலை உள்ளடக்கத்துக்கு ஏற்ற அளவாக்கும் பேக்கை அழையுங்கள்.

கடைசியாக நான் சேர்த்த ஒன்று, உண்மையில் முதலிலேயே சேர்த்திருக்க வேண்டியது. இரட்டைச் சொடுக்கில் ஓடும் ஜாவாவுக்கு கன்சோல் கிடையாது, அதனால் கத்துகிற பிழை கூட அங்கே ஊமையாகிவிடும். யாரும் பிடிக்காத எக்செப்ஷன் எல்லாவற்றையும் ஒரு லாக் கோப்பில் எழுதும்படி தொடக்கத்திலேயே ஒரு ஹேண்ட்லரை வைத்தேன். கோப்பின் முதல் மூன்று வரியில் ஜாவா பதிப்பு, இயல்புக் குறியாக்கம், தொடங்கிய ஃபோல்டர். பிழையைப் பிடித்துவிட்டு ஒன்றும் செய்யாமல் விடும் காலியான கேட்ச் அடைப்புகளையும் தேடித் தேடி அதில் எழுதவைத்தேன், வெட்கப்படும் அளவுக்கு இருந்தன. இப்போது ஏதாவது என்றால் சேச்சி அந்தக் கோப்பை வாட்ஸ்அப்பில் அனுப்பிவிடுகிறார். பாதி நேரம் மலை ஏறாமலேயே வேலை முடிகிறது.