கடைசி பஸ் எத்தனை மணிக்கு?

போன மாதம் கல்லூரிப் பிள்ளைகள் நாலு பேர் வீட்டுக்கு வந்தார்கள். கலை இரவு நடத்தப் போகிறார்களாம், தெந்தாத்திப்பைப் பார்த்துக் கொடுக்கச் சொன்னார்கள். நிகழ்ச்சி நிரல் என்று மேடையில்தான் சொல்வோம், மற்ற நேரமெல்லாம் தெந்தாத்திப்தான். எட்டுப் பக்கம், கலரில் அச்சடித்து, ஸ்பைரல் போட்டிருந்தார்கள். ஐந்தாம் பக்கத்தில் பதினோராவது அங்கம்: "தோட்டத்துச் சிறுவர்களின் கோலாட்டம், இரவு 10.15." மூக்குக் கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்துவிட்டேன்.

மலேசியாவின் கெடா மாநிலத்தில், எங்கள் பீடோங்கில் இது வருஷா வருஷம் நடக்கிற கதை. செமிலிங்கில் ஏய்ம்ஸ்ட் பல்கலைக்கழகம், சுங்கைப்பட்டாணியில் ஆசிரியர் பயிற்சிக் கழகம், இன்னும் சின்னச் சின்னத் தனியார் கல்லூரிகள். ஈப்போ, கிள்ளான், ஜொகூர் என்று எங்கெங்கிருந்தோ படிக்க வருகிறார்கள். ஆர்வத்துக்குக் குறைவில்லை, ஊர்தான் தெரியாது. நானோ இங்கேயே பிறந்து, இங்கேயே தமிழ்ப்பள்ளியில் வாத்தியாரம்மாவாக இருந்து, ஊர் தெரிந்தும் அதே தவறுகளைச் செய்தவள். அந்த உரிமையில்தான் எழுதுகிறேன். மைக்கை முன்கூட்டியே சோதியுங்கள், குத்துவிளக்குக்குத் தீப்பெட்டி வையுங்கள் என்பதெல்லாம் இதில் இருக்காது. அது ஒருமுறை பட்டால் தானாக வந்துவிடும்.

சனிக்கிழமை இரவைப் பிடிப்பது

கெடாவில் பள்ளிக்கும் அரசாங்க ஆபீசுக்கும் வெள்ளி, சனிதான் விடுமுறை. ஞாயிறு காலை ஏழரைக்குப் பள்ளி மணி அடித்துவிடும். ஆகவே நம்முடைய சனி இரவு உங்கள் ஊர் ஞாயிறு இரவு. சிலாங்கூரில் வளர்ந்த பிள்ளைக்கு இது மண்டையில் ஏறவே ஒரு செமஸ்டர் ஆகும். "சனிக்கிழமைன்னா எல்லாரும் ஃப்ரீதானே டீச்சர்?" என்பார்கள். டீச்சரே ஃப்ரீ இல்லை, மறுநாள் வகுப்பு. பிள்ளைகளும் அவர்களின் அம்மாமாரும் முழுசாக வரவேண்டும் என்றால் வெள்ளி இரவுதான். சில கம்பெனிகளுக்கு ஞாயிறுதான் லீவு, அப்பாக்கள் பாதிப் பேர் வெள்ளியன்று வரமாட்டார்கள். அதற்கு வழியில்லை. அம்மாக்கள் வந்தால் போதும், நாற்காலி நிறைந்துவிடும்.

பால்மரத் (ரப்பர்) தோட்டத்தை நம்பி டிக்கெட் விற்பதானால் இன்னொன்றையும் பாருங்கள். வருஷ ஆரம்பத்தில் இலை உதிரும் காலத்தில் பால் குறைந்துவிடும். கையில் காசு இருக்காது.

கோயில் தேதியைக் கேட்காமல் டேவானுக்கு (மண்டபத்துக்கு) டெப்போசிட் கட்டுவது

ஒவ்வொரு தோட்டத்து மாரியம்மனுக்கும் ஒரு திருவிழாத் தேதி உண்டு. உருமி மேளக்காரர், சமையல்காரர், கூடாரம் போடுகிறவர், பால்குடம் எடுக்கிற பெண்கள் எல்லாரும் நீங்கள் நம்பியிருக்கிற அதே ஆட்கள்தான். அம்மனோடு போட்டி போடாதீர்கள்.

தோட்டத்துப் பிள்ளைகளைக் கடைசியில் வைப்பது

பதினைந்து, பதினாறு வருஷம் இருக்கும். எங்கள் குழு ஒரு கலை இரவு நடத்தியது. டவுனிலிருந்து பதினாலு கிலோமீட்டர் உள்ளே தள்ளி ஒரு தோட்டம். அங்கே பதினாறு பிள்ளைகளுக்குக் கோலாட்டம் பழக்கினேன். இரண்டு மாதம், வாரம் மூன்று நாள், சாயங்காலம் ஐந்து மணிக்குக் கோயில் வாசலில். பிள்ளைகளில் ஒருத்தியின் அம்மா பழைய சேலைக் கரைகளைப் பிரித்து, பதினாறு பாவாடைக்கும் கரை வைத்துத் தைத்துக் கொடுத்தார். கூலி கேட்கவில்லை, நூலுக்கு மட்டும் காசு வாங்கினார்.

பிள்ளைகளை எந்த இடத்தில் வைப்பது என்று பேச்சு வந்தது. யாரோ சொன்னார்கள், நானும் தலையாட்டினேன்: "கடைசியில வைப்போம். அவங்க ஆடுற வரைக்கும் பெத்தவங்க எழுந்து போகமாட்டாங்க. கூட்டம் நிக்கும்." கேட்பதற்குக் கெட்டிக்காரத்தனமாக இருக்கும். இன்றைக்கும் எல்லாக் குழுவிலும் ஒருவர் இதைச் சொல்கிறார், மற்றவர்கள் தலையாட்டுகிறார்கள்.

ஏழு மணி நிகழ்ச்சி. சிறப்பு விருந்தினர் வந்தது எட்டு முப்பத்தைந்துக்கு. அதுவரை மேடையில் திரை. நெகாராகூ தேசிய கீதம், மாநில கீதம், தமிழ் வாழ்த்து, விளக்கேற்றல், வரவேற்புரை, தலைவர் உரை, இன்னொரு தலைவர் உரை, விருந்தினர் உரை. முதல் நடனம் ஏறும்போது ஒன்பது பத்து. ஒன்பதே காலுக்கு விருந்தினர் வேறு நிகழ்ச்சி இருக்கிறது என்று கிளம்பிவிட்டார். அவருக்காகத்தான் ஒன்றரை மணி நேரம் காத்திருந்தோம்.

மேடைக்குப் பின்னால் பதினாறு பிள்ளைகளும் ஐந்தரை மணியிலிருந்து மேக்கப்போடு உட்கார்ந்திருந்தார்கள். உதட்டுச் சாயம் போய்விடும் என்று நானே சாப்பிட விடவில்லை. மைலோ பாக்கெட்டை ஸ்ட்ராவைப் பல்லில் கடித்து, உதடு படாமல் உறிஞ்சச் சொல்லிக் கொடுத்திருந்தேன். கனகாம்பரம் வாடி, ஹேர்பின் சறுக்கி, ஒரு குட்டிப்பெண் சுவரில் சாய்ந்தபடியே தூங்கிவிட்டாள். கன்னத்துச் சாயம் சுவரில் அப்பியிருந்தது.

ஒன்பது ஐம்பதுக்கு வெளியே ஹாரன்.

பஸ் நாங்கள் வாடகைக்குப் பிடித்ததுதான். பகலில் பள்ளிக்கூடத்துக்கு ஓடும் வண்டி, இரவில் ஃபேக்டரிக்கு ஓடும். சுங்கைப்பட்டாணியில் பதினோரு மணிக்கு ஷிஃப்ட் மாறும். நைட் ஷிஃப்ட்டுக்காரர்களை ஏற்றி அதற்குள் கேட்டில் இறக்க வேண்டும். தோட்டத்துக்குப் போய்த் திரும்ப முக்கால் மணி நேரம். பத்து மணிக்கு டிரைவர் எடுத்தே ஆகவேண்டும். மனிதர் நல்லவர்தான், "ஒரு பத்து நிமிஷம் பார்க்குறேன் டீச்சர்" என்று பார்க்கவும் செய்தார். மேடையில் அப்போது ஒரு மாணவர் பலகுரலில் இருந்தார். முடிக்கவில்லை.

பிள்ளைகள் ஆடாமலே பஸ் ஏறினார்கள். பாவாடையோடு, கோலோடு. அவர்களோடு அம்மா, பாட்டி, சித்தி என்று நாற்பது பேருக்கு மேல் எழுந்து போனார்கள். பஸ் திரும்பும்போது உள்ளேயிருந்து ஒரு பையன் ஜன்னல் கம்பியில் கோலைத் தட்டிக்கொண்டே போனது கேட்டது. எங்கள் தாளந்தான். இடையில் ஒரு அடி விடுவான், அன்றைக்கும் விட்டான். உள்ளே அறிவிப்பாளருக்கு விஷயம் போய்ச் சேரவில்லை. "அடுத்து, நீங்கள் ஆவலோடு எதிர்பார்த்த கோலாட்டம்!" என்று முழங்கினார். பாட்டு மட்டும் ஓடியது.

மறுநாள் மன்னிப்புக் கேட்கத் தோட்டத்துக்குப் போனேன். பாவாடை தைத்த அம்மா காப்பி கொடுத்தார், ஒன்றும் சொல்லவில்லை. அவருடைய மாமியார் திண்ணையிலிருந்து கேட்டார்: "எங்க பிள்ளைங்கள ஆடவா கூப்பிட்டீங்க, கூட்டம் காட்டவா?" பதில் இல்லாமல் திரும்பி வந்தேன். மூன்று வருஷம் அந்தத் தோட்டத்திலிருந்து ஒரு பிள்ளையும் வரவில்லை. கேட்டால் மரியாதையாகத்தான் சொல்வார்கள், பரீட்சை டீச்சர், சளி டீச்சர் என்று.

எரிச்சல் எனக்கு விருந்தினர் மேல் இல்லை. அவர்கள் லேட்டாக வருவது மழை பெய்வது மாதிரி, தெரிந்த விஷயம். தெரிந்தும் அந்த நஷ்டத்தை யார் தலையில் கட்டினோம் என்பதுதான். ஹாஸ்டல் பிள்ளை பத்தரைக்கும் நடந்து போய்ப் படுப்பான். கார் வைத்திருக்கிற தமான் குடியிருப்புக்காரர் பதினோரு மணிக்கும் போவார். பஸ்ஸுக்குக் கட்டுப்பட்டவர்கள் மட்டும் கடைசியில்.

இப்போது நான் செய்வது இது. டேவானுக்கு முன்னால், தேதிக்கும் முன்னால், பஸ் டிரைவருக்குப் போன். "எத்தனை மணிக்கு எடுப்பீங்க?" அவர் சொல்கிற நேரத்தைத் தெந்தாத்திப்பின் அடியில் எழுதி, அங்கிருந்து மேலே ஏறுவேன். பத்து மணிக்கு வண்டி என்றால் ஒன்பதே முக்காலுக்கு ஏற்றம், ஒன்பது மணிக்குச் சாப்பாடு, எட்டு மணிக்குள் பிள்ளைகள் ஆட்டம். அதாவது மூன்றாவது அங்கம், அதற்குக் கீழே இறங்கவே கூடாது. விருந்தினருக்குப் பதினைந்து நிமிஷம் தருவேன். வரவில்லையா, கூட்டத்தில் வயதில் மூத்த பாட்டியை மேடைக்குக் கூப்பிட்டு விளக்கேற்றச் சொல்வேன். இதுவரை எந்த ஒய்.பி.யும் (மக்கள் பிரதிநிதியும்) கோபித்துக்கொள்ளவில்லை. வந்ததும் இரண்டு ஆட்டத்துக்கு நடுவில் பேச விடுவேன். ஆடிய பிள்ளைகள் கீழே உட்கார்ந்திருக்க, பேச்சு தானாகச் சுருங்கிவிடுகிறது.

"அப்புறம் பெத்தவங்க போயிடுவாங்களே டீச்சர்?" போவார்கள், சிலர். அவர்களை உட்கார வைப்பது உங்கள் பலகுரலின் வேலை, எட்டு வயசுப் பிள்ளையின் வேலை இல்லை.

சாப்பாட்டைப் பிணையாகப் பிடித்து வைப்பது

மேலே சொன்ன அதே புத்தி, வேறு சட்டை. அன்றைக்கு இருநூற்றைம்பது பொட்டலம் சொல்லி, நூற்றுப்பத்து மிச்சம். ஒரு பொட்டலம் நாலு வெள்ளி (ரிங்கிட்). கணக்கை நீங்களே போட்டுக்கொள்ளுங்கள்.

பொன்னாடை

ஆறு பேருக்கு மேல் போர்த்தினால் அது துணிக்கடை.

கடாரத்தை மட்டுமே நாடகம் போடுவது

இது தவறா, என் சலிப்பா என்று தெரியவில்லை. எழுதிவிடுகிறேன். கல்லூரி நாடகம் என்றால் அட்டைக் கப்பல், தங்கக் காகிதக் கிரீடம், 1025, ராஜேந்திர சோழன் கடாரம் கொண்டான். கைதட்டல் பிய்த்துக்கொண்டு போகும். கொண்டவன் சரி, கடாரத்தில், அதாவது இந்தக் கெடாவில், குடியிருக்கிறவர்கள் நாமல்லவா? ஒரு நாடகத்திலாவது கப்பல் வருவதைக் கரையில் நின்று பார்க்கிறவன் ஒருவனை வையுங்களேன்.

மெர்போக்கில் பூஜாங் பள்ளத்தாக்கு அருங்காட்சியகம் இருக்கிறது, பின்னாலேயே புக்கிட் பத்து பகாட் சண்டி, அதாவது பழங்காலக் கோயில். இங்கிருந்து காரில் ரொம்ப நேரம் ஆகாது. அந்தப் பள்ளத்தாக்கின் பதினோராம் எண் சண்டி 2013இல் இடிபட்டுப் பெரிய சர்ச்சையானது. இவ்வளவு பக்கத்தில் இருந்தும் கிரீடம் செய்கிற பிள்ளைகளில் பாதிப் பேர் போய்ப் பார்த்ததில்லை.

இன்னும் பக்கத்திலேயே வேறொரு கதை கிடக்கிறது. ஜப்பான்காரன் போன கையோடு, 1946இல், இதே பீடோங்கின் ஹார்வர்ட் தோட்டத்தில் ஏ.எம். சாமி என்பவர் தொண்டர் படை தொடங்கினார். தோட்டம் தோட்டமாகப் போய்க் கள்ளுக்கடைக்கு எதிராக ஆட்களைத் திரட்டினார்கள். 1947இல் அது போலீசோடு மோதலில் போய் முடிந்தது. கிரீடம் வேண்டாம், கப்பல் வேண்டாம், ஒரு கள்ளு மொந்தையும் நாலு வெள்ளைச் சட்டையும் போதும். தாத்தாவிடம் கேட்டதைப் பேரன் மேடையில் சொன்னால், மூன்றாம் வரிசையில் ஒரு கிழவி எழுந்து "அப்படி இல்லடா" என்று திருத்துவாள். அந்தக் குறுக்கீட்டுக்கு நேரம் ஒதுக்குங்கள்.

அனுமதிக் கடிதத்தைக் கடைசி வாரத்துக்குத் தள்ளுவது

போலீசுக்கு ஒன்று, நகராண்மைக் கழகத்துக்கு ஒன்று. கவுண்டர் வெள்ளிக்கிழமை திறக்காது. மேலே ஏற்கெனவே சொல்லிவிட்டேன்.

"தோட்ட மக்கள்" என்று போஸ்டரில் போடுவது

இன்றைக்கு நிறையத் தோட்டங்களில் செம்பனை (எண்ணெய்ப் பனை). குலை வெட்டுகிறவர்கள் வங்காளதேசிகள், இந்தோனேசியர்கள். நம் ஆட்கள் பெரும்பாலும் லயத்து வீடுகளைக் காலி செய்து, மலிவு வீட்டுக்கும் தமானுக்கும் வந்து எத்தனையோ காலம் ஆகிறது. மகள் நர்ஸ், மகன் டெக்னீஷியன். ஆனால் எந்த ஊர் என்று கேட்டால் பழைய தோட்டத்துப் பெயரைத்தான் சொல்வார்கள். "பின்தங்கிய தோட்ட மக்களுக்கான கலை இரவு" என்று போட்டால், கோயிலுக்கு வருவார்கள், உங்கள் டேவானுக்கு வரமாட்டார்கள். தோட்டத்தின் பெயரைப் போடுங்கள். பின்தங்கியதை எடுத்துவிடுங்கள்.

இவ்வளவையும் அந்த நாலு பேரிடமும் சொன்னேன். எழுதிக்கொண்டார்கள். போஸ்டர் பிள்ளைக்கு முகம் கொஞ்சம் சுருங்கிவிட்டது, அச்சுக்குக் கொடுத்தாயிற்று போல. கோலாட்டத்தை எங்கே மாற்றுவது என்று ஒரு பெண் கேட்டாள். நான் போனை எடுத்து ஸ்பீக்கரில் போட்டேன். அதே டிரைவர், இப்போது மகனும் வண்டி ஓட்டுகிறான்.

"வெள்ளி ராத்திரியா டீச்சர்? ஒன்பதே முக்காலுக்கு எடுத்துருவேன்."

"பத்து மணின்னுதானே முன்னால சொல்வீங்க?"

"இப்ப ரோட்டுல வேல நடக்குது."

அந்தப் பெண் பேனா மூடியைப் பல்லால் கழற்றி, 10.15ஐ அடித்து, 7.40 என்று எழுதினாள்.