எரிக்க எல்லாராலும் முடியும், நிறுத்துவதுதான் வேலை: ஆக்சைடு வினையூக்கியில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

பாளையங்கோட்டையில் எங்கள் ஆய்வகத்துக்கு வரும் மாணவர்கள் முதல் மாதத்திலேயே ஒரு வரைபடத்தை மகிழ்ச்சியோடு நீட்டுவார்கள். “சார், மாற்றம் 95 சதவீதம்!” நான் கேட்பது ஒன்றுதான்: “எதுவாக மாறியது, தம்பி?” பெரும்பாலும் கார்பன் டை ஆக்சைடாகத்தான் மாறியிருக்கும். அதற்கு வினையூக்கி எதற்கு, தீக்குச்சி போதுமே.

உடன்குடிப் பக்கம் கருப்பட்டி காய்ச்சுவதைப் பார்த்தவர்களுக்கு நான் சொல்வது எளிதில் புரியும். பாகு சிரட்டையில் ஊற்றும் பதத்துக்கு வந்ததும் இறக்கிவிட வேண்டும். கொஞ்சம் அசந்தாலும் அடிப்பிடித்துக் கசந்துவிடும். ஆர்த்தோ சைலீன் என்ற ஹைட்ரோகார்பனைக் காற்றிலுள்ள ஆக்சிஜனோடு பாதி மட்டும் வினைபுரியவிட்டு, பிளாஸ்டிக், பெயின்ட் தொழில்களுக்கு வேண்டிய தாலிக் நீரிலியாக்குவதும் அப்படித்தான். அதோடு நிற்காமல் முழுவதும் எரிந்துபோனால் ஏறத்தாழ நான்கு மடங்கு வெப்பம் வெளியாகும். அந்தச் சூடு எரிதலை மேலும் தூண்டும். ஆகவே எவ்வளவு மாறியது என்பதை மட்டும் துரத்துவதே முதல் தவறு. இரண்டு வினையூக்கிகளை ஒப்பிடுவதென்றால் இரண்டையும் ஒரே மாற்ற அளவுக்குக் கொண்டுவந்து, பிறகு தேர்வுத்திறனை, அதாவது மாறியதில் எத்தனை பங்கு நமக்கு வேண்டிய பொருளானது என்பதைப் பாருங்கள். 20 சதவீத மாற்றத்தில் கிடைத்த தேர்வுத்திறனை 80 சதவீதத்தில் கிடைத்ததோடு ஒப்பிட்டு எழுதிய ஆய்வேடுகளை நான் திருத்தியிருக்கிறேன். அந்த ஒப்பீட்டில் பொருளே இல்லை.

அடுத்தது, ஆக்சைடு சும்மா நின்று வேடிக்கை பார்க்கிறது என்று நினைப்பது. ஹைட்ரோகார்பனுக்குள் போகும் ஆக்சிஜன் பெரும்பாலும் ஆக்சைடின் அணிக்கோவையிலிருந்தே, அதாவது அதன் படிகத்தில் அணுக்கள் அடுக்கியுள்ள கட்டமைப்பிலிருந்தே வருகிறது. காலியான இடத்தைக் காற்றிலுள்ள ஆக்சிஜன் பின்னர் நிரப்புகிறது. நெதர்லாந்தைச் சேர்ந்த மார்ஸும் வான் கிரெவெலனும் வனேடியம் ஆக்சைடை வைத்து 1954-இல் இதை விளக்கினார்கள். கொடுப்பதும் திரும்ப வாங்குவதும் ஈடாக நடக்கும் வரைதான் வினையூக்கி ஒரே நிலையில் இருக்கும். அதனால் வினை தொடங்கிய முதல் அரை மணி நேர அளவீட்டை முடிவாக எழுதாதீர்கள். எண்கள் அசையாமல் நிற்கும் வரை காத்திருங்கள்.

தயாரிப்பில் நடக்கும் தவறுகள்தான் என்னை அதிகம் வருத்துகின்றன. அவை கண்ணுக்கே தெரியாமல் மாதக்கணக்கான உழைப்பைத் தின்றுவிடுகின்றன. இந்த வினைக்கான வினையூக்கி, டைட்டானியம் டை ஆக்சைடின் மேல் பரப்பிய வனேடியம் ஆக்சைடு. வனேடியத்துக்காக எடுக்கும் அம்மோனியம் மெட்டாவனடேட் உப்பு தண்ணீரில் எளிதாகக் கரையாது. சூடான ஆக்சாலிக் அமிலக் கரைசலில் சிறிது சிறிதாகப் போடுங்கள். முதலில் ஆரஞ்சு நிறம் வரும், நுரைத்துக் கொண்டு கார்பன் டை ஆக்சைடு வெளியேறும், பிறகு பச்சை, கடைசியில் தெளிந்த கருநீலம். பச்சையிலேயே அவசரப்பட்டு டைட்டானியம் டை ஆக்சைடின் மேல் ஊற்றுகிறவர்கள் உண்டு. நீலம் முழுதாக வரும் வரை பொறுங்கள். அடியில் ஒரு துகள் கூடக் கிடக்கக் கூடாது.

வனேடியத்தை எவ்வளவு ஏற்றுவது? கூட இருந்தால் நல்லது என்று 20 சதவீதம் ஏற்றுகிறார்கள். ஒரு சதுர நானோமீட்டருக்குச் சுமார் 8 வனேடியம் அணுக்கள் இருந்தாலே ஓரடுக்கு நிரம்பிவிடும். கிராமுக்கு 50 சதுர மீட்டர் பரப்புள்ள அனடேஸ் (டைட்டானியம் டை ஆக்சைடின் ஒரு படிக வடிவம்) என்றால் கணக்குப் போட்டுப் பாருங்கள், ஏறத்தாழ 6 சதவீத வனேடியம் பென்டாக்சைடு போதும். மிஞ்சியது படிகமாகத் திரண்டுவிடும். எக்ஸ் கதிர் படத்தில் படிகக் கோடு இல்லை என்பதால் மட்டும் படிகமே இல்லை என்று சொல்லிவிட முடியாது, மிகச் சிறிய படிகங்கள் அதில் தெரியா. ராமன் நிறமாலையையும் எடுங்கள். 995 செ.மீ⁻¹-இல் கோடு எழுந்தால் படிகம் இருக்கிறது, 1030-ஐ ஒட்டி வந்தால் பரவிய அடுக்கு.

வனேடியத்தைச் சுமக்கும் தாங்குபொருளான டைட்டானியம் டை ஆக்சைடிலும் கவனம் வேண்டும். நம் கடற்கரை மணலில் இல்மனைட் இருக்கிறது, சாகுபுரத்தில் அந்த டைட்டானியக் கனிமத்திலிருந்து செயற்கை ரூட்டைல் (டைட்டானியம் டை ஆக்சைடின் இன்னொரு படிக வடிவம்) எடுக்கிறார்கள். அதனால் டைட்டானியம் டை ஆக்சைடு எதுவானாலும் சரி என்று நினைத்துவிடக் கூடாது. இந்த வினைக்கு அனடேஸ் வடிவம்தான் வேண்டும். பெயின்டுக்கு விற்கும் தூளில் பொட்டாசியமும் பாஸ்பரஸும் கலந்திருக்கலாம். உலையில் சூட்டை மிஞ்சவிட்டால் அனடேஸே ரூட்டைலாக மாறும், வனேடியம் அந்த மாற்றத்தை விரைவுபடுத்தும். 450 டிகிரியில் நிறுத்திக்கொள்ளுங்கள். நடுவில் கரண்ட் போனால் அதை நோட்டில் எழுதுங்கள், அந்த மாதிரியை மற்றவற்றோடு சேர்க்காதீர்கள்.

கழுவும் தண்ணீர்க் கதை என் சொந்தக் கதை. காய்ச்சி வடித்த நீர் தீர்ந்துபோன ஒரு நாளில் போர்வெல் நீரால் வீழ்படிவைக் கழுவிவிட்டேன். அந்த மாதிரி எந்த வெப்பநிலையிலும் சரியாக வேலை செய்யவில்லை. நான்கு மாதம் வாயுக் கலவையையே சந்தேகித்தேன். கடைசியில் பகுப்பாய்வில் சோடியம் வந்து நின்றது. தொழிற்சாலை வினையூக்கிகளில் சீசியத்தை அளந்து சேர்ப்பதுண்டு, அது உதவும். சோடியமும் சீசியமும் கார உலோகங்கள்தான், ஆனால் அளவு தெரியாமல் நுழைந்த கார உலோகம் அப்படியல்ல.

வினை நடக்கும்போது உலைச் சுவரின் வெப்பநிலையை வினையூக்கியின் வெப்பநிலையாக எழுதாதீர்கள். எங்கள் குழாயில் இரண்டுக்கும் 40 டிகிரி வித்தியாசம் பார்த்திருக்கிறேன். வெப்பமானியை, குழாயில் வினையூக்கி நிரப்பிய படுகைக்குள்ளேயே வையுங்கள், வினையூக்கியோடு குவார்ட்ஸ் துகளைக் கலந்து சூட்டைப் பரப்புங்கள். வெறும் குழாயில் ஒருமுறை ஓட்டிப் பார்ப்பதையும் விடாதீர்கள். சைலீன் ஆவி காற்றில் சுமார் 1 சதவீதத்தைத் தொட்டாலே தீப்பிடிக்கும், ஆகவே வாயு அளவை இருமுறை சரிபாருங்கள்.

கார்பன் கணக்கும் நேராக வேண்டும். உள்ளே 100 போய் வெளியே 85 வந்தால், மீதி 15 குளிர்ந்த குழாயில் தாலிக் நீரிலியாகப் படிந்திருக்கலாம். வெளியேறும் குழாயைச் சூடாக வைத்து மறுபடி அளந்த பிறகு தேர்வுத்திறனை எழுதுங்கள்.

வேலை முடிந்ததும் பயன்படுத்திய வினையூக்கியைக் கொட்டிவிடாதீர்கள். வனேடியத் தூள் மூச்சில் போகக் கூடாது, முகக்கவசமும் கையுறையும் போட்டுக்கொண்டு படுகையின் மேல், நடு, கீழ் என மூன்று சீசாக்களில் தனித்தனியாக எடுத்து, தேதி எழுதி வையுங்கள். எந்த இடத்தில் நிறம் மாறியிருக்கிறதோ, அங்கிருந்து அடுத்த சோதனையைத் தொடங்கலாம்.