பிரசவத் தேதியைக் கணிப்பது எப்படி?

பிரசவத் தேதிக் கணக்கு, கருத்தரித்த நாளிலிருந்து அல்ல, கடைசியாக வந்த மாதவிடாயின் முதல் நாளிலிருந்து தொடங்குகிறது. கரு உருவான நாளை உறுதியாகச் சொல்லக்கூடியவர்கள் மிகக் குறைவு என்பதே இதற்குக் காரணம். ஆகவே மருத்துவர் ஆறு வாரக் கர்ப்பம் என்று சொல்லும்போது, கருவின் உண்மையான வயது ஏறத்தாழ நான்கு வாரம்தான்.

அந்த முதல் நாளுடன் ஒன்பது மாதமும் ஏழு நாளும் கூட்டினால் பிரசவத் தேதி கிடைக்கும். 19ஆம் நூற்றாண்டில் ஜெர்மனியின் ஹைடல்பெர்க்கில் பணியாற்றிய மகப்பேறு மருத்துவர் நேகலேயின் பெயரால் இந்த விதி வழங்குகிறது. மாதவிடாய் 2025 மார்ச் 10 அன்று தொடங்கியிருந்தால், தேதி டிசம்பர் 17. அதையே 280 நாள்களாக எண்ணினால் டிசம்பர் 15 வரும். மாதங்களின் நீளம் ஒன்றுபோல் இல்லாததால் ஏற்படும் இந்த வேறுபாட்டைப் பொருட்படுத்த வேண்டியதில்லை. ஆங்கிலத் தேதி நினைவில் இல்லாமல், அமாவாசைக்கு மறுநாள் என்றோ ஆடிப்பெருக்கு அன்று என்றோ மட்டும் நினைவிருந்தால், நாள்காட்டியைப் பார்த்து அதைத் தேதியாக மாற்றிக் குறித்துக்கொள்ளுங்கள். வழக்கத்துக்கு மாறாக இரத்தப்போக்கு மிகக் குறைவாக இருந்திருந்தால் அதையும் மருத்துவரிடம் சொல்லுங்கள். அது மாதவிடாயாகவே இல்லாமல், கர்ப்பத்தின் தொடக்கத்தில் சிலருக்கு ஏற்படும் லேசான இரத்தக்கசிவாக இருக்கலாம்.

இந்தக் கணக்கு, 28 நாளுக்கு ஒருமுறை மாதவிடாய் வருவதாகவும் 14ஆம் நாளையொட்டிக் கருமுட்டை வெளிப்படுவதாகவும் வைத்துக்கொண்டு போடப்படுகிறது. சுழற்சி 35 நாள் என்றால் ஏழு நாளைக் கூட்டவும், 24 நாள் என்றால் நான்கு நாளைக் கழிக்கவும் வேண்டும். நீர்க்கட்டிப் பிரச்சினையால் மாதவிடாய் ஒழுங்கின்றி வருபவர்களும், தாய்ப்பால் கொடுத்துக்கொண்டிருக்கும்போதே மீண்டும் கருவுற்றவர்களும் நாள்காட்டியை நம்பாமல் ஸ்கேனை நம்புவதே சரி. சோதனைக்குழாய் முறையில் கருவுற்று ஐந்து நாளான கருவைக் கருப்பைக்குள் வைத்திருந்தால், வைத்த நாளுடன் 261 நாளைக் கூட்டினால் போதும்.

ஸ்கேன்களில் தேதியைக் கணிக்க மிகவும் நம்பகமானது முதல் மூன்று மாதத்துக்குள், அதாவது 14 வாரம் நிறைவதற்குள், எடுக்கப்படுவதே. அப்போது தலை முதல் பிட்டம் வரையிலான நீளம் எல்லாக் குழந்தைகளிலும் ஏறக்குறைய ஒரே வேகத்தில் வளர்வதால், வயது ஐந்து முதல் ஏழு நாள் வரையிலான பிழைக்குள் கிடைத்துவிடுகிறது. மேலே சொன்னபடி மார்ச் 10 அன்று மாதவிடாய் தொடங்கிய பெண்ணுக்கு மே 12 அன்று நாள்காட்டிப்படி ஒன்பது வாரம் நிறைகிறது. அன்றைய ஸ்கேன் ஏழு வாரமும் ஐந்து நாளும் எனக் காட்டினால், வேறுபாடு ஏழு நாளைத் தாண்டுவதால் மருத்துவர் ஸ்கேன் தேதியையே எடுத்துக்கொண்டு, 280 நாள் கணக்கில் வந்த டிசம்பர் 15ஐ டிசம்பர் 24 என்று மாற்றுவார். வேறுபாடு நான்கு நாள் மட்டுமே என்றால் பழைய தேதியே நிற்கும்.

குழப்பம் பெரும்பாலும் இதற்குப் பிறகுதான் வருகிறது. ஐந்தாம் மாத ஸ்கேனில் ஒரு தேதி, எட்டாம் மாதத்தில் இன்னொரு தேதி என்று ஒவ்வோர் அறிக்கையும் வெவ்வேறாகச் சொல்ல, வீட்டில் எதை நம்புவது என்ற விவாதம் தொடங்கிவிடும். பிந்தைய ஸ்கேன்கள் தலையின் அகலம், வயிற்றின் சுற்றளவு, தொடை எலும்பின் நீளம் ஆகியவற்றைச் சராசரி அளவுகளோடு ஒப்பிட்டுத் தேதியைத் தருகின்றன. அந்த வயதில் ஒரு குழந்தை பெரிதாகவும் மற்றொன்று சிறிதாகவும் இருப்பது இயல்பு. எனவே, முதல் மூன்று மாதத்தில் உறுதிசெய்த தேதியைப் பிறகு மாற்றக் கூடாது. எட்டாம் மாதத்தில் வளர்ச்சி பின்தங்கியிருப்பதைக் கண்டு, தேதி தள்ளிப்போய்விட்டது என்று நினைத்துக்கொண்டால், உண்மையில் வளர்ச்சி குன்றிய குழந்தையைக் கவனிக்காமல் விட்டுவிடும் ஆபத்து உண்டு. முதல் ஸ்கேன் அறிக்கையைக் கடைசி வரை கோப்பில் பத்திரமாக வைத்திருந்து, ஒவ்வொரு பரிசோதனைக்கும் எடுத்துச் செல்லுங்கள்.

குறித்த நாளிலேயே பிறக்கும் குழந்தைகள் நூற்றுக்கு ஐந்து பேர் அளவில்தான். 37 வாரம் நிறைந்த பிறகு எந்த நாளிலும் வலி எடுக்கலாம் என்று கருதி, மருத்துவமனைக்கான பையையும் வண்டியையும் அதற்குள் ஏற்பாடு செய்துவிடுங்கள். தேதி கடந்தும் வலி வரவில்லை என்றால், 41 வாரம் ஆவதற்குள் மருத்துவரைப் பார்த்து, வலி வரவழைப்பது பற்றிப் பேச வேண்டும்.